மியூசிக் அகாடமி மேடை: கதவு திறந்தது எப்போது, யாருக்கு?

சென்னை பஸ்சில் போகிறவர்களுக்கு 'மியூசிக் அகாடமி' என்றால் ஒரு ஸ்டாப்பிங். ராதாகிருஷ்ணன் சாலையும் டி.டி.கே. சாலையும் சந்திக்கிற இடம். பக்கத்திலேயே மேம்பாலம். தினமும் அந்த வழியாகப் போகிற நம்மில் பல பேர் உள்ளே எட்டிப் பார்த்ததே கிடையாது. "அது பெரிய மனுஷங்க வர்ற இடம், நமக்கு எதுக்கு?" என்று ஒரு தயக்கம்.

ஆனால் அந்த மேடையின் கதையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி வந்த கதை அது.

காங்கிரஸ் மாநாட்டில் பிறந்தது

1927 டிசம்பரில் சென்னையில் அகில இந்திய காங்கிரஸ் மாநாடு நடந்தது. கூடவே ஒரு இசை மாநாடும் நடத்தினார்கள். சங்கீதத்தை வளர்க்க தனியாக ஒரு அமைப்பு வேண்டும் என்று அங்கே பேச்சு எழுந்தது. அதன்படி 1928 ஆகஸ்டு 18-ந் தேதி, எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்தில் சர் சி.பி.ராமசாமி அய்யர் அகாடமியைத் தொடங்கி வைத்தார். டாக்டர் யு.ராமராவ் முதல் தலைவர்.

இன்றைக்கு ஊர் முழுக்க சபாக்களில் நடக்கிற டிசம்பர் சீசன், அகாடமியின் ஆண்டு விழாவை ஒட்டி வளர்ந்ததுதான்.

சதிருக்கு மேடை

அந்தக் காலத்தில் பரதநாட்டியத்துக்கு 'சதிர்' என்று பெயர். கோவில்களில் பொட்டு கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடிக் கொண்டிருந்த நேரம். அந்த ஆட்டமே வேண்டாம் என்று ஒரு பக்கம் எதிர்ப்பு. "வழக்கம் போகட்டும், கலை போகக்கூடாது" என்பது அகாடமி செயலாளர்களில் ஒருவரான வக்கீல் ஈ.கிருஷ்ண அய்யரின் கட்சி. அவரே பெண் வேடம் கட்டி ஆடியவர்.

1931 மார்ச் 15-ந் தேதி, கல்யாணி அம்மாளின் மகள்கள் ராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரையும் அகாடமி ஆட வைத்தது. கூட்டம் அவ்வளவாக இல்லை. 1933-ல் மறுபடி ஆடியபோது நல்ல கூட்டம். அதே ஆண்டு பாலசரஸ்வதியும் அகாடமியில் ஆடினார்.

தமிழ்ப் பாட்டு சண்டை

எல்லாக் கதவும் சட்டென்று திறந்துவிடவில்லை. கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகள்தான் அதிகம். தமிழ்ப் பாட்டெல்லாம் கடைசியில் பாடுகிற 'துக்கடா' என்ற நிலை. 1940-களில் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தமிழிசை இயக்கத்தைக் கையில் எடுத்தார். கல்கியும் எழுதினார். அகாடமி தரப்போ, சங்கீதத்துக்கு மொழி முக்கியம் இல்லை என்றது. இரண்டு பக்கமும் காரசாரமாக மோதின. கடைசியில் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தனியாகவே உருவானது.

சொந்தக் கட்டிடம்

பேர் பெரிசு, ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் சொந்தமாக ஒரு அரங்கம் இல்லை. பந்தல் போட்டும், மற்றவர் மண்டபங்களிலும்தான் கச்சேரி. 1955 அக்டோபர் 5-ந் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். கட்டி முடிக்க ஏழு வருஷம் ஆனது. 1962 டிசம்பர் 20-ந் தேதி மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் திறந்து வைத்தார். ஏறத்தாழ 1,600 பேர் உட்காரலாம். மத்திய மந்திரியாக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி பெயர்தான் அரங்கத்துக்கும், வாசலில் இருக்கிற சாலைக்கும். சாலைக்கு முன்பு மௌப்ரேஸ் ரோடு என்று பெயர்.

பக்கவாத்தியமும் பெண்களும்

அகாடமி கொடுக்கிற 'சங்கீத கலாநிதி' பட்டம் 1942-ல் வந்தது. கர்நாடக சங்கீத உலகில் இதைத்தான் பெரிய கவுரவமாக நினைக்கிறார்கள். மிருதங்க வித்வான் ஒருவருக்கு அது கிடைக்க 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் பாலக்காடு மணி அய்யர்.

பெண்களுக்கு? 1968-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமிதான் முதல் பெண். 1970-ல் டி.கே.பட்டம்மாள். 1973-ல் பாலசரஸ்வதி. ஆடக்கூடாது என்று ஊரில் ஒரு சாரார் சொன்ன கலையை ஆடியவருக்கு, 40 வருஷம் கழித்து அதே அகாடமியில் உச்ச கவுரவம்! 1977-ல் எம்.எல்.வசந்தகுமாரி. 1998-ல் நாதஸ்வரச் சக்கரவர்த்தி ஷேக் சின்ன மௌலானா.

இன்னும் ஓயாத சத்தம்

2017-ல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்காக சென்னை இடம் பிடித்தது. அந்தப் பெருமையில் இந்த மேடைக்கும் பங்கு உண்டு. 2024-ல் டி.எம்.கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவித்தபோது, அந்த ஆண்டு விழாவில் பாட மாட்டோம் என்று சில கலைஞர்கள் விலகினார்கள். எம்.எஸ். பெயரிலான பரிசு தொடர்பான வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. யார் மேடை ஏறலாம் என்ற சண்டை இங்கே புதுசு இல்லை.

சரி, நமக்கு என்ன? சீசனில் சாயங்காலக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வேண்டும். மதியத்தில் இளம் கலைஞர்கள் பாடுவதைக் கேட்க பெரும்பாலும் காசு வேண்டாம். நாளைய பெரிய வித்வான்கள் அந்த மதிய மேடையில் இருந்துதான் வருகிறார்கள். அடுத்த டிசம்பரில் அந்த ஸ்டாப்பிங்கில் இறங்கி ஒரு தடவை உள்ளே போய்த்தான் பாருங்களேன். இத்தனை பேர் போராடித் திறந்த கதவு அது. நாம் ஏன் வாசலோடு நிற்க வேண்டும்?