நியதியும் ஆள்வினையும்: ஆசீவகர் எழுப்பிய வினா

மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளனா, அன்றித் தன்னை மீறிய ஆற்றலொன்றின் கருவியா என்னும் வினா மேலைத்தேய மெய்யியலுக்கு மட்டும் உரியதன்று. புத்தரும் மகாவீரரும் கங்கைச் சமவெளியில் போதித்த காலத்திலேயே மற்கலி கோசாலர் அதற்கு ஐயத்துக்கிடமற்ற விடையொன்றை அளித்தார். யாவும் நியதியின் வழியே நிகழ்கின்றன. முயற்சியால் மாற்றத்தக்கது யாதுமில்லை என்பதே அவ்விடை. அவர் வழிவந்தோர் ஆசீவகர் எனப்பட்டனர்.

ஆசீவகரின் நூல்கள் இன்று கிடைத்தில. பிற சமயத்தார் மறுப்பதற்காக எடுத்துரைத்த பகுதிகளிலிருந்தே அவர்தம் கொள்கையைப் பெரும்பாலும் அறிய வேண்டியுள்ளது. 1951இல் ஆசீவகர் வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்ட ஏ. எல். பஷாமும் இவ்விடர்ப்பாட்டை எதிர்நோக்கினார். பௌத்த நூலாகிய தீக நிகாயத்தின்படி, உயிர்கள் மாசுறுவதற்கோ தூய்மை பெறுவதற்கோ காரணம் எதுவுமில்லை என்றார் கோசாலர். எறியப்பட்ட நூலுருண்டை தன் நீளம் முடியுமட்டும் அவிழ்ந்து செல்வதுபோல, அறிஞரும் மூடரும் ஒருங்கே பிறவிச் சுழலைக் கடந்து துன்பத்தின் முடிவை அடைவர். நல்லவன் விரைந்து வீடு பெறுதலும் இல்லை. தீயவன் பின்தங்குதலும் இல்லை.

இக்கொள்கைக்கு எதிராக எழுந்த வாதங்களுள் மிகக் கூரியது சமண ஆகமமாகிய உவாசகதசாவில் காணப்படுகிறது. சத்தாலபுத்தன் என்னும் குயவன் ஆசீவக நெறியினன். அவன் வெயிலில் உலர்த்திய மட்கலங்களைக் கண்ட மகாவீரர், இவை முயற்சியால் ஆனவையா, முயற்சியின்றி ஆனவையா என வினவினார். யாவும் நியதியே, முயற்சி என்பது இல்லை என்றான் குயவன். அவ்வாறாயின், ஒருவன் இக்கலங்களைத் திருடினாலோ உடைத்தாலோ, உன் மனைவியிடம் தகாது நடந்தாலோ என்ன செய்வாய் என மகாவீரர் கேட்டார். அவனை வைவேன், அடிப்பேன், கொல்லவும் செய்வேன் என்று விடை வந்தது. முயற்சியே இல்லையெனில் திருடியவனும் இல்லை, உடைத்தவனும் இல்லை. யாரை எதற்காகத் தண்டிப்பாய் என்ற அடுத்த வினாவுக்குக் குயவனிடம் விடை இருக்கவில்லை.

இவ்வாதம் நியதிக் கொள்கை பொய்யென நிறுவவில்லை. அதனை ஏற்று ஒருவன் வாழவியலாது என்பதையே நிறுவுகிறது. 1962இல் பிரித்தானிய மெய்யியலாளர் பி. எஃப். ஸ்ட்ரோசன் எடுத்துரைத்த கருத்தும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. பிறர் செயல்கண்டு எழும் சினமும் நன்றியுணர்வும் மனித உறவோடு பின்னிப் பிணைந்தவை. கோட்பாட்டளவில் எய்தும் முடிவொன்றினால் அவற்றைக் கைவிடல் இயலாது என்றார் அவர்.

எனினும், ஆசீவகம் ஒழுக்கக் கேட்டுக்கு வழிவகுத்த நெறியென முடிவு செய்தல் தவறாகும். ஆசீவகத் துறவிகள் கடுந்தவத்துக்குப் பெயர்பெற்றவர்கள். அசோகன் தன் ஆட்சியின் 12ஆம் ஆண்டில் பராபர் மலைக் குகைகளை அவர்களுக்கு வழங்கினான். பண்டுகாபயன் அநுராதபுரத்தில் ஆசீவகர்க்கு இல்லம் அமைத்ததாக மகாவம்சம் கூறுகிறது. தமிழகத்தில் மணிமேகலை, நீலகேசி ஆகிய காப்பியங்களும், 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியார் பரபக்கமும் இக்கொள்கையை எடுத்தாண்டன. செல்வாக்கற்ற கொள்கையொன்றைப் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து மறுக்க வேண்டிய தேவை எழுந்திராது.

அச்செல்வாக்கின் காரணத்தைச் சிலப்பதிகாரம் ஓரளவு உணர்த்துகிறது. கோவலன் கொலைக்கு அக்காப்பியத்தில் மூன்று வகையான எதிர்வினைகள் அமைந்துள்ளன. முற்பிறப்பில் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனெனக் கூறிக் கொல்வித்த வினையே கோவலனை வந்தடைந்தது என்கிறது மதுராபதித் தெய்வம். இவ்விளக்கம் உலகில் நீதி உண்டென உறுதி கூறுகிறது. ஆயின், துன்புற்றவனையே துன்பத்துக்குப் பொறுப்பாளனுமாக்குகிறது. மகளை இழந்த மாநாய்கனோ செல்வத்தைத் தானமாக்கி ஆசீவகரிடம் சென்று துறவு பூணுகிறான். அவன் அந்நெறியைத் தெரிந்த காரணத்தைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. ஆயினும், எவர்மீதும் பழி சுமத்தாத நியதிக் கொள்கை பெருந்துயருற்றோர்க்கு ஆறுதலாக அமைந்திருத்தல் கூடும்.

மூன்றாவது பாண்டியனுடையது. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது, ஊழின்மீதோ பொற்கொல்லன்மீதோ பழியைப் போட்டு அவன் தப்ப முயலவில்லை. பிழை தனதே என ஏற்று உயிர் துறந்தான். கோவலன் இறப்புக்கு முற்பிறப்பு வினை காரணமெனக் காட்டும் அதே காப்பியம், அவ்வினையைக் கொண்டு மன்னனின் குற்றத்தைக் கழுவவில்லை. நிகழ்ச்சியொன்றுக்குக் காரணம் காணுதல் வேறு. அதற்குப் பொறுப்பேற்றல் வேறு என்பது இதனாற் புலனாகும்.

திருக்குறளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அறத்துப்பாலின் இறுதியில் ஊழின் பெருவலியைக் கூறிய வள்ளுவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமையை வற்புறுத்தியமை முரணென்று சிலர் கருதுவர். ஆனால் 618ஆம் குறள் நல்லூழ் இல்லாமை எவர்க்கும் பழியன்று என விலக்கி, அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையையே பழியென வரையறுக்கிறது. ஒருவனுக்கு நேர்ந்தது அவன் குற்றமாகாது. அவன் செய்யத்தக்கதைச் செய்யாமையே குற்றமாகும். துன்புற்றவன்மீது பழி சுமத்தாமலும், தவறிழைத்தவனைத் தப்பவிடாமலும் பொறுப்பின் எல்லையை வகுப்பது இந்நிலைப்பாடு. ஆசீவகர் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும், அவர்கள் எழுப்பிய வினாவுக்குத் தமிழ் மரபு அளித்த விடைகளுள் இதுவே நடுநிலை வாய்ந்தது எனலாம்.