லாக் ஓபரான்

லாக் ஓபரான் என்பது குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மூன்று மரபணுக்களும் அவற்றைத் திறந்து மூடும் டி.என்.ஏ பகுதிகளும் சேர்ந்த தொகுப்பு. ஒரு மரபணு எப்போது வேலை செய்வது என்பதை அதன் முன்னால் உள்ள சில டி.என்.ஏ எழுத்துகளும் அங்கே வந்து ஒட்டும் புரதங்களும் முடிவு செய்கின்றன. அந்த உண்மை முதலில் தெளிவானது இங்கேதான்.

1940. ஜெர்மானியர் பிடியில் பாரிஸ். சொர்போனில் ஆய்வு மாணவரான ஜாக் மோனோ, இரண்டு சர்க்கரைகள் கலந்த கரைசலில் பாக்டீரியாவை வளர்த்தபோது ஒரு விந்தையைக் கண்டார். குளுக்கோஸ் தீரும்வரை அவை வேகமாகப் பெருகின. பிறகு வளர்ச்சி சற்று நேரம் நின்றது. அதன்பின் மற்ற சர்க்கரையை உண்டு மறுபடியும் பெருகின. நின்றுபோன அந்த இடைவெளியில் செல்லுக்குள் என்ன நடந்தது? நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் தலைமறைவாக இயங்கிய நாட்களைத் தாண்டியும் இந்தக் கேள்வி மோனோவை விடவில்லை.

போருக்குப் பின் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு வாய்த்த துணை பிரான்சுவா ஜாக்கோப். 1944இல் நார்மண்டியில் பட்ட காயம், அறுவை மருத்துவராகும் ஜாக்கோபின் கனவை முறித்திருந்தது. இருவரும் அமெரிக்கரான ஆர்தர் பார்டியுடன் சேர்ந்து 1959இல் வெளியிட்ட சோதனை உயிரியலின் அழகான சோதனைகளில் ஒன்று. நல்ல மரபணுக்கள், அவை பழுதடைந்திருந்த பாக்டீரியாவுக்குள் இணைசேர்க்கை வழியே நுழைந்ததும், லாக்டோஸை உடைக்கும் நொதி உடனே உற்பத்தியாகத் தொடங்கியது. ஆனால் சில மணி நேரத்துக்குள் நின்றுவிட்டது. அப்படியானால் புதிதாக வந்த மரபணுக்களில் ஒன்று, உற்பத்தியைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருளை மெல்ல மெல்லச் செய்து குவித்திருக்க வேண்டும். அதற்கு ஒடுக்கி என்று பெயரிட்டார்கள். 1961இல் முழுக் கோட்பாடும் வெளிவந்தது. மரபணுவை ஆர்.என்.ஏவாகப் படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ பாலிமெரேஸ் வந்து அமரும் இடமான புரமோட்டர் என்ற கருத்து 1964இல் சேர்ந்தது. மறுவருடம் மோனோ, ஜாக்கோப் இருவருக்கும், அவர்களின் ஆசான் ஆந்த்ரே ல்வோஃபுக்கும் நோபல் பரிசு.

அதுவரை ஒடுக்கியைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஒரு செல்லில் அது பத்து மூலக்கூறு அளவில்தான் இருக்கும். இயற்பியலிலிருந்து வந்த வால்டர் கில்பர்ட், பென்னோ முல்லர்-ஹில்லுடன் சேர்ந்து ஹார்வர்டில் 1966இல் அதைப் பிரித்தெடுத்தார். அது ஒரு புரதம். 1973இல் அது ஒட்டும் 24 எழுத்துகளையும் கில்பர்ட்டும் ஆலன் மேக்சமும் படித்துவிட்டார்கள். லாக்டோஸிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் வந்து பற்றினால் ஒடுக்கியின் வடிவம் மாறும், டி.என்.ஏ மேலுள்ள பிடி தளரும்.

தடையை விலக்கினால் மட்டும் போதுமா? போதாது. அராபினோஸ் சர்க்கரையை ஆராய்ந்த எல்லிஸ் எங்கில்ஸ்பெர்க், மரபணுவை முடுக்கிவிடும் புரதமும் உண்டு என்று அறுபதுகளிலேயே வாதிட்டார், பலர் ஏற்கவில்லை. அவர் சொன்னது சரி, லாக் ஓபரானிலும் அப்படித்தான். டேவிட் பிரிப்னோ 1975இல் புரமோட்டர்களை ஒப்பிட்டபோது, படியெடுத்தல் தொடங்குமிடத்துக்குச் சுமார் பத்து எழுத்துகள் முன்னால் டி-ஏ-டி-ஏ-ஏ-டி என்ற வரிசை தலைகாட்டியது. லாக் புரமோட்டரில் அங்கே இருப்பது டி-ஏ-டி-ஜி-டி-டி. இரண்டு எழுத்து வேறுபாடு. அதனால் பாலிமெரேஸின் பிடி பலவீனம். குளுக்கோஸ் குறையும்போது செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி என்ற சிறு மூலக்கூறு பெருகும், அது சி.ஏ.பி என்ற புரதத்தோடு சேர்ந்து புரமோட்டரின் அருகே ஒட்டி, பாலிமெரேஸுக்குக் கைகொடுக்கும். போதாக்குறைக்கு, குளுக்கோஸ் இருக்கும்வரை லாக்டோஸ் உள்ளே வரும் வழியும் அடைபட்டிருக்கும். மோனோ கண்ட இடைவெளி, இந்தப் பூட்டுகள் திறந்து நொதி உற்பத்தியாக எடுத்த நேரம்.

1978இல் பாக்டீரியாவில் மனித இன்சுலின் செய்யப்பட்டபோது பயன்பட்டதும் இதே லாக் கட்டுப்பாட்டுப் பகுதிதான்.

மனிதரின் மரபணுக் கட்டுப்பாடு இதைவிடப் பல மடங்கு சிக்கலானது. ஒட்டுமிடம் மரபணுவை விட்டு வெகுதூரம் தள்ளியும் இருக்கலாம். இங்கும் பால் சர்க்கரையே நல்ல சான்று. பெரும்பாலானோருக்குக் குழந்தைப் பருவம் கடந்ததும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடும். வளர்ந்த பின்னும் அது குறையாத ஃபின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், லாக்டேஸ் மரபணுவுக்கு ஏறத்தாழ 14,000 எழுத்துகள் முன்னால், வேறொரு மரபணுவுக்குள் சி இருந்த இடத்தில் டி இருப்பதை 2002இல் கண்டறிந்தார்கள். அந்த டி இருந்தால் ஆக்ட்-1 என்ற புரதம் அங்கே இறுக்கமாக ஒட்டுகிறது. இந்தியாவில் பால் செரிக்கும் பலரிடமும் அதே டி காணப்படுகிறது. கென்யா, தான்சானியா மேய்ப்பர்களிடம் 2007இல் தெரியவந்ததோ, அதற்கு நூறு எழுத்துகள் தள்ளி நிகழ்ந்த வேறொரு மாற்றம்.