வாந்திபேதியும் பழிச்சொல்லும்: ஒரு வரலாற்று நோக்கு

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கம் திருவிழா நாள்களில் பல்லாயிரவரை ஈர்க்கும். மக்கள் இங்ஙனம் திரளும் ஆற்றங்கரை ஊர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வாந்திபேதிக்கு அஞ்சி வாழ்ந்தன. 1817இல் வங்காளத்து ஜெசூரில் பெருகிய அந்நோய் 1818இல் சென்னையை எட்டியது. ஒரே நீரைப் பருகியோருள் பலர் தப்பிக்க, சிலர் மட்டும் சில மணி நேரத்தில் மடிந்தது ஏன்? மடிந்தோர் பாவத்தின் கூலியைப் பெற்றனர் என்பதே சமயத்தார் பலர் அன்று அளித்த எளிய விடையாகும்.

இவ்விடையை ஆராயாது ஏற்க மறுத்தவருள் ஒருவர் குருவானவரே என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. 1854இல் இலண்டன் பிராட் தெருவில் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். தெருக்குழாயின் நீரே காரணம் என்றார் மருத்துவர் ஜான் ஸ்நோ. அவ்வூர் உதவிக்குருவான ஹென்றி ஒயிட்ஹெட் முதலில் அதனை நம்பவில்லை. எனினும் வீடுவீடாகச் சென்று வினவி, இறுதியில் ஸ்நோவின் கூற்றை உறுதிப்படுத்தினார்.

நோயின் கடுமைக்குரிய காரணங்கள் இன்று நமக்குத் தெளிவாகியுள்ளன. கிருமி மிகுதியாக உட்செல்லுதல் ஒன்று. அதனைக் கொல்லும் இரைப்பை அமிலம் குன்றியிருத்தல் மற்றொன்று. ஓ வகைக் குருதியினருக்கும் நோய் கடுமையாதல் மிகுதி. முன்பு நோயுற்றுப் பெற்ற எதிர்ப்பாற்றல் இல்லாமையும் ஒரு காரணமே. 1992இல் சென்னையில் தோன்றிய ஓ139 என்னும் புதுவகைக் கிருமியை மக்களின் பழைய எதிர்ப்பாற்றல் தடுக்கவில்லை. ஆகவே வளர்ந்தோரும் பெருமளவில் வீழ்ந்தனர்.

இவற்றோடு பசியும் நெரிசலும் சேருங்கால் விளைவு கொடிது. பெரும் பஞ்சத்தின் நடுவே, 1877ஆம் ஆண்டில் மட்டும், சென்னை மாகாணத்தில் வாந்திபேதியால் இறந்தோர் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

யாவற்றினும் பெரிய இடர் மருத்துவம் தாமதமாதலே. கடுமையாக நோயுற்றவர் மணிக்கு ஒரு லிட்டர் நீர்வரை இழக்கக்கூடும். மருத்துவம் பெறாவிடில் அத்தகையோரில் பாதிப்பேர் இறப்பர். 1971இல் வங்காள அகதிகள் நிறைந்த பங்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாயிருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழாகக் குறைந்தது. நோயாளிகளின் பாவம் குறைந்ததனாலன்று. இழந்த நீர் உரிய வேளையில் ஈடுசெய்யப்பட்டதனாலேயே.

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்கள் மற்றவரினும் பெரும் பாவிகளோ என்று நம் ஆண்டவர் வினவியதை நாம் அறிவோம். 1960களில் திட்டமிட்டு எழுந்த ஆலைக் குடியிருப்பாகிய கைலாசபுரத்தாரும், வாய்க்கால் ஓரக் குடிசைகளில் வாழ்வோரும் ஒரே மாநகரைச் சார்ந்தோரே. அவர்களைப் பிரிப்பது ஒழுக்கமன்று. நீரும் வடிகாலும் வருவாயுமே. எனவே, நோய் பரவும் நாளில் ஆயர் பிரசங்க பீடத்திலிருந்து பழி கூறற்க. வீடுவீடாகச் சென்று, நீரின் நிலையை வினவி, நோயுற்றோரைக் காலந்தாழ்த்தாது மருத்துவமனை சேர்ப்பாராக.