பேய் மூடிய நிலையமா, மூடியதால் வந்த பேயா?

மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில், ஜால்தாவுக்கும் கோட்ஷிலாவுக்கும் இடையே அமைந்த சிறு ரயில் நிலையம் பேகுன்கோடர். இந்தியாவின் 'பேய் நிலையங்கள்' பற்றிப் பேச்செழும்போது முதலில் சொல்லப்படும் பெயர் பெரும்பாலும் இதுதான். 1960இல் திறக்கப்பட்ட நிலையம் 1967இல் கைவிடப்பட்டது. 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட 42 ஆண்டுகளுக்கு மக்கள் வழக்கில் சொல்லப்படும் காரணம் பேய்.

கதை எளியது. 1967இல் ரயில்வே ஊழியர் ஒருவர் இரவில் வெள்ளைச் சேலை உடுத்திய பெண்ணுருவம் ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். தண்டவாளத்தில் உயிர்விட்ட பெண்ணின் ஆவி அது என்று ஊர் பேசியது. பின்னர் நிலைய அதிகாரி இறந்ததாகவும், அச்சாவுக்கும் பேயே காரணம் என்றும் கதை வளர்ந்தது. ஊழியர்கள் அங்கே தங்க மறுத்தனர். மாற்றாகச் செல்லவும் எவரும் இசையவில்லை. வண்டிகள் நிற்காமல் கடக்கத் தொடங்கின.

வழக்காற்றியல் நோக்கில் இக்கதையில் புதுமை குறைவு. வெள்ளைச் சேலை வங்கத்துக் கைம்பெண்ணின் உடை; அகால மரணமடைந்தவர் அலைவார் என்பது இந்தியா முழுவதும் வழங்கும் நம்பிக்கை. கவனத்திற்குரியது வேறொன்று. இந்நிலையம் உருவாக முயன்றவர்களில் முதன்மையானவராகச் சொல்லப்படுபவர் சந்தால்களின் அரசி லச்சன் குமாரி. நிலையத்தைக் கொண்டுவந்த பெண்ணுக்குப் பெயர் உண்டு. அதை மூடியதாகச் சொல்லப்படும் பெண்ணுக்குப் பெயரே இல்லை. ஆயினும் நாடறிந்தவள் பெயரற்றவளே.

ரயில்வேக்கான நாடாளுமன்றக் குழுவில் இருந்த பாசுதேவ் ஆச்சாரியா இக்கதைக்கு வேறொரு விளக்கம் தந்தார். அந்த இடத்துப் பணியைத் தவிர்க்க ஊழியர்களே கட்டிய கதை இது என்றார் அவர். அக்காலத்துச் சிறு நிலையங்களின் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தால் இவ்விளக்கத்தின் வலிமை புரியும். ஊரை விட்டு விலகிய கட்டடம், மண்ணெண்ணெய் விளக்கு, விடிய விடிய ஓரிருவர் மட்டுமே விழித்திருக்கும் பணி, குடும்பத்தோடு தங்க வசதியற்ற குடியிருப்பு. தனிமை தாளவில்லை என்று எழுதும் மனுவுக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. பேயைக் கண்டேன் என்னும் சொல்லுக்கோ ஊரின் ஆதரவும் உடன் பணியாற்றுவோரின் ஆதரவும் கிடைக்கும். அச்சம் உண்மையாகவே இருந்திருக்கலாம். அதன் வேர் பணிச்சூழலில் இருந்தது என்பதே இவ்விளக்கத்தின் சாரம்.

பேய் நிலையங்கள் சாவினால் உண்டாகின்றன என்ற பொதுக்கருத்தைச் சோதிக்க மைசூர்ப் பாதை உதவும். 1876-78 பெரும்பஞ்சம் மைசூர் சமஸ்தானத்தைச் சூறையாடியது. 1871 கணக்கெடுப்பில் 50 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 42 லட்சமாகச் சரிந்திருந்தது. அந்தப் பஞ்சத்தின் நிழலில், நிவாரண வேலையாகவும் கருதப்பட்டு, பெங்களூர்-மைசூர் மீட்டர் பாதை போடப்பட்டது; 1882இல் மைசூரை எட்டியது. வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அது கோட்டைக்குள்ளேயே புகுந்து செல்கிறது. 1799 மே 4 அன்று திப்பு சுல்தானும் அவருடைய வீரர்கள் பலரும் மடிந்த கோட்டை அது. சாவுதான் பேயைப் பெறும் என்றால், இப்பாதையை விடத் தகுதியான இடம் அரிது. ஆயினும் நாடறிந்த பேய் நிலையம் எதுவும் இங்கே உருவாகவில்லை. வண்டிகளும் பயணிகளும் விளக்கும் நிறைந்த பாதை இது. 2017இல் இரட்டைப் பாதைக்காகத் திப்பு காலத்து ஆயுதக் கிடங்கே அடியோடு பெயர்த்து நகர்த்தப்பட்டது. போக்குவரத்து வேண்டியிருந்த இடத்தில் பழமை விலகி வழிவிட்டது.

தமிழகத்துச் சான்று தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் பாம்பன்-தனுஷ்கோடி பயணிகள் வண்டி கடலில் மூழ்கியது. அதில் சென்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிப் பாதையோ மீண்டும் போடப்படவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இன்று சுற்றுலா எழுத்துகள் 'பேய் நகரம்' என்று அழைப்பது தனுஷ்கோடியை, பாம்பனை அன்று. இரண்டையும் தாக்கியது ஒரே புயல்தான். ஒன்று மீட்கப்பட்டது, மற்றொன்று கைவிடப்பட்டது. பேயின் பெயர் கைவிடப்பட்ட இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

இம்மூன்றையும் அருகருகே வைத்தால் நிகழ்வுகளின் வரிசை தெளிவாகும். கைவிடுதல் முன்னே வருகிறது. பேய் பின்னே வருகிறது. பாழ்வீட்டில் பேய் குடியேறும் என்ற பழைய நம்பிக்கை, இவ்வரிசையைச் சரியாகவே அறிந்திருக்கிறது. பேகுன்கோடரில் மட்டும் வரிசை தலைகீழாகத் தோன்றும்: பேய் முதலில், மூடுதல் பிறகு. ஆனால் ஓர் ஊழியரின் அச்சம் தானாக நிலையத்தை மூடிவிடாது. நிர்வாகம் அதை ஏற்று, மாற்று ஆள் அனுப்பாமல் விட்டால்தான் மூடும். பெருநகர நிலையம் ஒன்றில் எத்தனை பேர் பேயைக் கண்டதாகச் சொன்னாலும் அது மூடப்படாது. வருமானம் குறைந்த, பழங்குடியினரும் உழவரும் ஏறி இறங்கும் நிலையத்தில் ஒரு வதந்தியே போதுமானதாயிற்று. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்ற பழமொழி தனிமனிதரின் அச்சத்தைச் சொல்லும். அந்த அச்சத்தை 42 ஆண்டுக்கால முடிவாக மாற்றிய அலுவலகத்தை அது சொல்வதில்லை.

இழப்பு யாருக்கு என்பதில் ஐயமில்லை. வண்டி நிற்காமல் ஓட, அதில் ஏற வேறு நிலையம் தேடிப் போன இரண்டு தலைமுறை மக்களுக்கே இழப்பு. 1990களின் இறுதியில் ஊரார் குழு அமைத்து நிலையத்தைத் திறக்கக் கோரினர். மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்த 2009இல் அது நிறைவேறியது. 2017 டிசம்பரில் பஸ்சிம் பங்க விஞ்ஞான் மஞ்சத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் காவலர் துணையோடு அங்கே ஓர் இரவு தங்கினர். பேய் எதையும் காணவில்லை என்றும், ஓசையெழுப்பி அச்சுறுத்த முயன்ற சில ஆட்களையே கண்டதாகவும் அறிவித்தனர்.

கதை அத்துடன் முடியவில்லை. மீண்டும் திறந்தபோது கிடைத்தது முழு நிலையம் அன்று. ஒப்பந்த முகவர் சீட்டு விற்கும் நிறுத்தம். மாலைக்குப் பின் அங்கே வண்டிகள் நிற்பதில்லை என்றே பின்னர் வந்த செய்திகளும் கூறின. அதனால் இருட்டிய பின் அங்கு ஆளில்லை. ஆளில்லாத இருட்டைத் தேடிப் பேய் பார்க்க வருவோர் வருகின்றனர். ஆய்வாளர் இங்கே கேட்க வேண்டியது பேய் உண்டா என்பதன்று. அந்த நிலையத்திற்கு இரவுப் பணியாளரை அனுப்பாதவர் யார், அதனால் மிச்சமான செலவு எவ்வளவு, அதற்கு ஈடாக நடந்தவர் எத்தனை பேர் என்பன. இவற்றுக்கு விடை சொல்ல வேண்டிய இடத்தில் பெயரற்ற ஒரு பெண் வெள்ளைச் சேலையோடு நிறுத்தப்பட்டிருக்கிறாள்.