வலி வேறு, சுழற்சி வேறு: மாதவிடாய்க் கோளாறுகளுக்கான சீன மருத்துவம் குறித்து ஒரு மறுபரிசீலனை

சீன மருத்துவத்தில் பெண்களின் நோய்கள் தனித்துறையாக வளர்ந்தது சோங் அரசர்கள் காலத்தில். 1237ஆம் ஆண்டில் சென் ஜிமிங் தொகுத்த பெண் மருத்துவப் பெருநூல் கருத்தரிப்பிலோ மகப்பேற்றிலோ தொடங்கவில்லை. மாதவிடாயைச் சீர்ப்படுத்தும் பகுதியே அதில் முதலாவது. இந்த வைப்புமுறை தற்செயலானதல்ல. மாதப்போக்கு சரியாக இருந்தால்தான் மற்றவை நிலைபெறும் என்ற துணிவு அதன் பின்னால் இருக்கிறது. முந்தி வருவதும் பிந்தி வருவதும், நின்றுபோவதும், வயிற்றைப் பிசையும் வலியோடு வருவதும் ஒரே குடும்பத்து நோய்களாகவே இம்மரபில் எண்ணப்பட்டு வந்திருக்கின்றன.

அந்த ஒரே குடும்பம்தான் இன்று சிக்கல் என்பது என் வாதம். வலியைத் தணிப்பதற்கும் தவறிய சுழற்சியைச் சீராக்குவதற்கும் இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் சமமானவை அல்ல. முன்னதில் பிறந்த நம்பிக்கையைப் பின்னதற்கும் நீட்டுவது நோயாளியை ஏமாற்றுகிறது. அந்த மரபின் உண்மையான வலிமையையும் மறைக்கிறது.

வலிமை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். ஏழாம் நூற்றாண்டின் சுன் சிமியாவ் தம் மருந்து நூலில் பெண்களுக்கான பகுதியை முன்னால் வைத்தார். பெண்களின் நோயைக் குணப்படுத்துவது ஆண்களின் நோயைக் குணப்படுத்துவதைவிடப் பத்து மடங்கு கடினம் என்றும் எழுதினார். அந்தக் கடினத்தை எதிர்கொள்ள இம்மரபு வளர்த்தெடுத்த கருவி, கேள்வி. வலி உதிரப்போக்குக்கு முன்பா, நடுவிலா, பிறகா? வயிற்றை அழுத்தினால் இதமா, தொடவே முடியவில்லையா? சூடு வைத்தால் குறைகிறதா? உதிரம் வெளிறியதா, கருத்ததா, கட்டிகள் விழுந்தபின் வலி இறங்குகிறதா? அழுத்தப் பொறாத, கட்டி விழுந்ததும் தணியும் வலியைத் தேங்கிய இரத்தத்தின் அடையாளமாகக் கொண்டார்கள். அழுத்தினால் இதமாகும், போக்கு முடிந்தபின் மந்தமாக நீடிக்கும் வலி, இரத்தக் குறைவின் அடையாளம். ஒரே நோய்ப்பெயர் கொண்ட இரு பெண்களுக்கு இருவேறு மருந்து எழுதப்படுவது இதனால்தான்.

நான்கு பொருள் கஷாயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதப்படுத்திய ஷூதிஹுவாங் கிழங்கு, டாங்குய் வேர், வெண் பியோனி வேர், சுவான்சியோங் ஆகிய நான்கும் சேர்ந்தது அது. முதலிரண்டும் இரத்தத்தை ஊட்டுகின்றன, கடைசியது அதை ஓடச் செய்கிறது என்பது கோட்பாடு. தேக்கம் மிகுந்தால் பீச் விதைப் பருப்பும் குசும்பப் பூவும் சேர்க்கிறார்கள். உடற்சூடு மிகுந்தால் பதப்படுத்தாத கிழங்கு. வாங் சிங்ரென் 1830இல் வெளியிட்ட நூலில் அடிவயிற்றுத் தேக்கத்துக்குத் தந்த கஷாயத்தில் சோம்பு, சுக்கு, பட்டை ஆகிய உஷ்ணப் பொருட்களைக் காணலாம். குளிர் உறைந்து வழியை அடைக்கிறது, சூடு அதைத் திறக்கிறது என்ற எண்ணம் மருந்துப் புத்தகத்தோடு நின்றுவிடவும் இல்லை. 1950களின் சீனக் கூட்டுப்பண்ணைகளில், மாதவிடாய் நாட்களில் பெண்களை ஈர வயலில் இறக்காமல் உலர்ந்த வேலைக்கு மாற்ற வேண்டும் என்பது ஒரு தொழிலாளர் பாதுகாப்பு விதியாகவே முழங்கப்பட்டது. பெண்ணின் வலி வேலையை மாற்றத் தக்க காரணம் என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

நவீன உடலியல் இதே வலியை வேறு வழியில் விளக்குகிறது. கருப்பை உட்படலம் உதிரும்போது சுரக்கும் புரோஸ்டகிளாண்டின்கள் தசையை இறுக்குகின்றன, இரத்த ஓட்டம் குறைகிறது, வலி எழுகிறது. இபுபுரூஃபனும் மெஃபனமிக் அமிலமும் வேலை செய்வது அந்தச் சுரப்பைத் தடுத்துத்தான். ஒழுங்கற்ற சுழற்சியின் வேர் பெரும்பாலும் வேறிடத்தில்: மூளையின் ஹைபோதலமஸ், பிட்யூட்டரி, சினைப்பை ஆகியவற்றுக்கிடையிலான ஹார்மோன் உரையாடலில். தைராய்டு குறைவும், புரோலாக்டின் மிகுதியும், சினைப்பை நீர்க்கட்டி நோயும், கடும் எடையிழப்பும் அதைக் குலைக்கலாம். வலி ஒரு தசையின் கதை என்றால், சுழற்சி முழு நாளமில்லாச் சுரப்பி மண்டலத்தின் கதை. ஒன்றுக்குப் பயன்பட்டது மற்றதற்கும் பயன்படும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கக் காரணமில்லை.

வலிக்கான சான்றுகள் என்ன சொல்கின்றன? 2008இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, முதன்மை மாதவிடாய் வலிக்கான சீன மூலிகைகள் பற்றிய 39 சோதனைகளை, 3,475 பெண்களை, ஆராய்ந்தது. மூலிகைகள் நம்பிக்கை தருகின்றன, சோதனைகளின் தரம் தாழ்வு என்பதே அதன் தீர்ப்பு. 2016இல் அக்குபங்சர் பற்றி 42 சோதனைகளையும் 4,640 பெண்களையும் திரட்டிய தொகுப்பாய்வு, முடிவுசொல்லப் போதிய சான்றில்லை என்றது. வலிக்கு வெப்பம் உதவுவது தனியே உறுதிப்பட்டிருக்கிறது: 2001இல் வெளியான ஒரு சோதனையில் அடிவயிற்றில் ஒட்டும் வெப்பப் பட்டை இபுபுரூஃபனுக்கு ஏறத்தாழ நிகராக நின்றது. குளிரும் சூடும் பற்றிய பழைய அவதானிப்பு, அதன் கோட்பாடு எப்படியிருந்தாலும், வீண்போகவில்லை.

இவ்விடத்தில் மரபின் தரப்பிலிருந்து ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. எல்லாப் பெண்களுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சோதிப்பது இந்த மருத்துவத்தையே சோதிக்காமல் விடுவது அல்லவா? மறுப்பு சரிதான், ஆனால் அது சோதனையிலிருந்து விலக்கு அளிப்பதில்லை. ஜப்பானில் நடந்து 1997இல் வெளியான ஒரு சிறு இரட்டைமறைப்புச் சோதனை இதற்கு வழிகாட்டியது. டாங்குய்யும் பியோனியும் அடங்கிய பழங்கலவைக்குப் பொருந்தும் உடல்நிலையுள்ள 40 பெண்களை மரபுவழி நோயறிதலால் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவர்களுக்குப் போலிமருந்தும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களின் வலி கூடுதலாகக் குறைந்தது. எண்ணிக்கை சிறிது, எனவே இதைக் கொண்டு கொடியேற்ற முடியாது. மரபின் கேள்விகளைக் கைவிடாமலே கறாராகச் சோதிக்கலாம் என்பதற்கு இது போதும்.

சுழற்சிக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. சீனாவின் 21 மையங்களில் சினைப்பை நீர்க்கட்டி நோயுள்ள 1,000 பெண்களிடம் நடந்த சோதனை 2017இல் வெளியானது. உண்மையான அக்குபங்சரோடு, சினைமுட்டை வெளியேறத் தூண்டும் குளோமிஃபீன் மருந்தும் பெற்றவர்களில் 29.4 விழுக்காட்டினருக்கும், போலி அக்குபங்சரோடு குளோமிஃபீன் பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. குளோமிஃபீன் இல்லாத இரு பிரிவுகளிலும் அது 13.9, 16.8 விழுக்காடு, போலி ஊசி பெற்றவர்களே சற்று மேல். இது மூலிகைகளைச் சோதிக்கவில்லை, முதன்மையாக அளந்ததும் சுழற்சியின் ஒழுங்கையன்று, பிறப்பை. இருந்தும் சினைமுட்டை வெளியேற்றத்தை ஊசி மீட்டுத்தரும் என்ற பரவலான உறுதிமொழிக்கு இது பலத்த அடி. அந்த அடி சீனாவிலேயே, சீன மருத்துவர்களின் கையாலேயே விழுந்தது என்பதை அம்மரபின் நேர்மைக்குச் சான்றாகவே கொள்கிறேன். அம்மரபிலேயே, நான்ஜிங்கின் மருத்துவர் ஷியா குய்செங் சுழற்சியைக் கட்டங்களாகப் பிரித்து, அடிப்படை உடல்வெப்ப அட்டவணையைப் பார்த்துக் கட்டத்துக்குக் கட்டம் மருந்தை மாற்றும் முறையை உருவாக்கினார். சினைமுட்டை வெளியேறியதா இல்லையா என்று அளக்க இடம் கொடுக்கும் முறை இது. சுழற்சிபற்றிய உரிமைகோரல் நிரூபணம் தேட வேண்டிய இடம் இங்கேதான்.

சான்றுகளின் இந்த வேறுபாடு மருத்துவரின் மேசையில் உடனடி விளைவுள்ளது. நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு இரத்தத்தை ஓடச் செய்யும் குசும்பப் பூவைக் கொடுக்குமுன் கருப்பரிசோதனை அவசியம். ஆண்டுதோறும் கூடிவரும் வலி, உறவின்போதான வலி, மலங்கழிக்கையில் வலி ஆகியவை கருப்பை உட்படலத் திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸைச் சுட்டலாம்; கேள்விகளில் எவ்வளவு தேர்ந்த மரபாலும் நாடியும் நாக்கும் பார்த்து அதை அறிய முடியாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவருக்கு டாங்குய் இரத்தக்கசிவை வரவழைக்கலாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவுக்காகச் சீன மூலிகை உட்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது; ஃபாங்ஜி வேரின் இடத்தில் நச்சுள்ள அரிஸ்டோலோக்கியா இனத் தாவரம் வந்துவிட்டதே காரணம். மாதவிடாய் மருந்தாயினும் அதே கடைகளிலிருந்து, அதே வணிகச் சங்கிலி வழியாகத்தான் வருகிறது. ஆகவே வலிக்காக இம்மருத்துவத்தை நாடும் பெண்ணுக்கு, தாவர அடையாளம் உறுதிசெய்த மருந்தும், மூன்று சுழற்சிகளுக்கு எழுதிவைக்க வலிக்குறிப்பேடும், குறையாவிட்டால் அல்ட்ராசவுண்டுக்கு அனுப்பும் ஒப்பந்தமும் முதல் சந்திப்பிலேயே கிடைக்க வேண்டும். சுழற்சிக்காக வருபவருக்கு வரிசை தலைகீழ்: முதலில் தைராய்டு, புரோலாக்டின், கருப்பரிசோதனை, கஷாயம் பிறகு.