செடி தளதள... பூ மட்டும் காணோமா? உங்க சாமந்தி கேட்பது இருட்டு!

ஆயுத பூஜை நெருங்கினாலே சேலம் வ.உ.சி. மார்க்கெட்டிலும், பரமத்தி வேலூர் பூ ஏலச் சந்தையிலும் சாமந்திக்குத் தனி மவுசு வந்துவிடும். விலையும் கூடவே ஏறும். ‘நாலு தொட்டி நம்ம வீட்டிலேயே வெச்சா என்ன?’ என்று நினைக்காத வீடு குறைவு. நினைத்து, வைத்து, ‘செடி நல்லாத்தான் வருது, பூதான் வர மாட்டேங்குது’ என்று அலுத்துப்போன வீடுகளும் நிறைய. அதில் எங்கள் வீடும் ஒன்று.

சேலத்தில் எங்கள் வீட்டு முன்பக்கச் சுவரோரம் அம்மா நாலு தொட்டி சாமந்தி வைத்திருந்தார். பின்பக்கம் துணி துவைக்கும் கல் பக்கத்தில் இடம் இல்லாமல் ஒதுக்கியது இரண்டு தொட்டி. ஆறுமே ஒரே தாய்ச்செடியில் பிரித்த கன்றுகள்தான். ஐப்பசியில் பின்பக்கத்து இரண்டும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கொட்டின. ராஜமரியாதையோடு வளர்ந்த முன்பக்கத்து நாலும் தளதளவென்று நின்றதே தவிர, ஒரு மொட்டுகூட இல்லை. ‘உரம் பத்தலம்மா’ என்று அள்ளிப்போடச் சொன்னது நான்தான். இலை இன்னும் பெருத்தது. கடைசியில், ‘மலட்டுச் செடி’ என்று அம்மா இரண்டைப் பிடுங்கியே போட்டுவிட்டார்.

செடிமேல் தப்பே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அந்தச் சுவருக்கு நேர்மேலே தெருவிளக்கு!

இரவை அளக்கும் செடி

சாமந்தி ஒரு குறும்பகல் செடி. அதாவது, பகல் குறுகி இரவு நீளும்போதுதான் ‘பூக்கிற காலம் வந்தாச்சு’ என்று அதற்குத் தெரியும். உண்மையில் செடி அளப்பது பகலை அல்ல, இருட்டைத்தான். தொடர்ந்து பல இரவுகள் நீண்ட, இடையில் வெட்டுப்படாத இருட்டு கிடைத்தால் மொட்டு கட்டும். நள்ளிரவில் கொஞ்ச நேரம் விளக்கு போட்டாலே கணக்கு கலைந்துவிடும். ‘இன்னும் இரவு சின்னதாத்தான் இருக்கு’ என்று நினைத்துக்கொண்டு இலையை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும்.

இதை உலகுக்குச் சொன்னவர்கள் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இரு விஞ்ஞானிகள். கோடையில் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போன ‘மேரிலேண்ட் மம்மத்’ என்ற புகையிலை ரகத்தை, தினமும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பார்த்தார்கள். பூத்தது! அந்த ஆய்வு 1920-ல் வெளியானது.

இந்த ரகசியம் விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். பெங்களூருக்கு அந்தப் பக்கம் சிக்கபள்ளாப்பூர் வட்டாரத்தில் ராத்திரி போனால், சாமந்தி வயலில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்க்கலாம். செடி சீக்கிரம் பூத்துவிடாமல், நன்றாக வளர்ந்த பிறகு பூக்க வைப்பதற்காகத்தான் அந்த வெளிச்சம். வயலில் வேண்டுமென்றே செய்வதை, நம் வீட்டில் தெருவிளக்கும் போர்ட்டிகோ விளக்கும் சொல்லாமலேயே செய்துவிடுகின்றன.

உங்க வீட்டில் இருட்டு இருக்கா?

சோதிக்க மீட்டர் எல்லாம் வேண்டாம். ராத்திரி 9 மணிக்குத் தொட்டி இருக்கும் இடத்தில் நின்று செய்தித்தாளைப் பிரியுங்கள். எழுத்தைச் சுலபமாகப் படிக்க முடிந்தால், சாமந்திக்கு அந்த இடம் சரிப்படாது. நிலா வெளிச்சம், எப்போதோ கடந்துபோகும் வண்டி வெளிச்சம் பற்றிக் கவலை வேண்டாம். விடிய விடிய எரியும் விளக்குதான் பிரச்னை.

தொட்டி என்றால் தீர்வு சுலபம். ஆவணி பிறந்ததும் இருட்டான பக்கத்துக்கு நகர்த்திவிடுங்கள். மொட்டு நிறம் காட்டும் வரை அங்கேயே இருக்கட்டும். பகலில் அங்கே 5 - 6 மணி நேரமாவது வெயில் விழ வேண்டும், அது முக்கியம். நகர்த்த முடியாத செடி என்றால், சாயங்காலம் 6 மணிக்குக் கறுப்புத் துணியால் மூடி, காலை 6 மணிக்கு எடுத்துவிடலாம். நாலு குச்சி நட்டு அதன்மேல் துணி போடுங்கள். இலையோடு ஒட்டினால் உள்ளே புழுங்கும். பிளாஸ்டிக் ஷீட் வேண்டவே வேண்டாம். ஒரு நாள் மூடி ஒரு நாள் மறந்தால் பலன் இருக்காது. நாலைந்து வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

ஆனியில் ஆரம்பிங்க

சேலம், நாமக்கல் சமவெளிக்கு ஜூன், ஜூலைதான் சாமந்தி வைக்கத் தோதான காலம். சித்திரை வெயிலில் வைத்தால் கன்று கருகும். புரட்டாசியில் வைத்தால் செடி வளர்வதற்குள் மொட்டு வந்து, ஒரு சாண் உயரத்தில் நாலு பூவோடு முடிந்துவிடும்.

கன்று: பூக்கடைச் சாமந்தியை விதை போட்டு வளர்ப்பதில்லை. பழைய செடியின் அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றை வேரோடு பிரித்து வைப்பதுதான் வழக்கம். தெரிந்த வீட்டிலோ தோட்டத்திலோ கேட்டு வாங்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ரகங்களில் கோ 1 மஞ்சள், கோ 2 ஊதா.

தொட்டி, மண்: 10 முதல் 12 அங்குலத் தொட்டி போதும். செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள். அடியில் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாமந்தி வெயிலில் வாடினால்கூடத் தண்ணீர் விட்டதும் நிமிரும். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகல்தான்.

கிள்ளுதல்: வைத்து நாலு வாரத்தில், செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால், கிள்ளாத செடி ஒற்றைக் குச்சியாக வளர்ந்து சாயும். கிள்ளினால் நாலைந்து கிளை பிரியும், பூவும் பெருகும். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை கிள்ளலாம். ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு கிள்ளாதீர்கள், வரப்போகும் மொட்டையே கிள்ளியதாகிவிடும்.

தாங்கல்: புரட்டாசி, ஐப்பசி மழையில் பூவின் கனம் தாங்காமல் கிளை ஒடியும். அதற்கு முன்பே ஒரு குச்சி நட்டு, சணலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

இப்படிப் போனால் அக்டோபரில் முதல் பூ. மூத்த பூவைப் பறிக்கப் பறிக்க, பொங்கல் வரைக்கும் ஓடும்.

கோழி எரு... அவசரம் வேண்டாம்!

நாமக்கல் பக்கம் உரத்துக்குப் பஞ்சமே இல்லை, திரும்பின பக்கமெல்லாம் கோழிப்பண்ணை. ஆனால், பண்ணையிலிருந்து அள்ளி வந்த பச்சைக் கோழி எருவை நேராகத் தொட்டியில் போட்டால் இலை ஓரம் கருகி, வேர் வெந்துபோகும். அதிலிருந்து வரும் அமோனியாவும் உப்பும்தான் காரணம். மண், காய்ந்த இலை, நார்க்கழிவோடு கலந்து ஈரம் காட்டி, இரண்டு மூன்று மாதம் மட்க விடுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி போய், மண் வாசம் வந்தால் தயார். ஒரு தொட்டிக்கு மாதம் ஒரு கைப்பிடி போதும்.

தழைச்சத்து அதிகமானாலும் இலைதான் பெருக்கும், பூ தள்ளிப்போகும். எனவே, மொட்டு கட்டும் சமயத்தில் கோழி எருவை நிறுத்திவிட்டு, கொஞ்சம் மர சாம்பல் தூவலாம். உங்கள் மண் ஏற்கெனவே சுண்ணாம்பு மண் என்றால் சாம்பலும் வேண்டாம்.

இலை மஞ்சள், நரம்பு பச்சை

சேலத்தில் மேக்னசைட் வெட்டியெடுக்கும் குன்றுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். நம் வட்டாரத்தில் பல இடங்களில் மண் காரத்தன்மையுடன் இருக்கிறது, போர் தண்ணீரும் உப்பு. தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அது அந்த உப்புதான். இப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் அறிகுறி.

உரக்கடையில் அன்னபேதி உப்பு கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். முதலில் இரண்டு இலையில் தெளித்துப் பார்த்துவிட்டுச் செடி முழுக்க அடிப்பது நல்லது. பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்தால், புதுத்தளிர் பச்சையாக வரும். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் சாமந்திக்கு அதைவிட மருந்தே இல்லை. முடியாதவர்கள், மாதம் ஒருமுறை அடித்துளை வழியே வழியும்படி நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிடுங்கள்.

மொட்டுக் காம்பில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் அசுவினி. வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர் கலந்து வெயில் தாழ்ந்ததும் அடியுங்கள். அடியிலைகளில் கறுப்புப் புள்ளி பரவினால், அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். அதன் பிறகு இலைமேல் தண்ணீர் ஊற்றாமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள்.

நர்சரித் தொட்டியைத் தூக்கிப் போடாதீங்க

பூவோடு வாங்கிவந்த குட்டைச் சாமந்தி ஒரே மாதத்தில் காய்ந்ததும், ‘செத்துப்போச்சு’ என்று குப்பைக்கு அனுப்புகிறோம். பெரும்பாலும் அது சாவதில்லை, பூத்து ஓய்கிறது, அவ்வளவுதான். காய்ந்த தண்டை மண்ணிலிருந்து நாலு விரல் உயரம் விட்டு வெட்டுங்கள். தண்ணீரைக் குறையுங்கள். சில வாரத்தில் அடியிலிருந்து பச்சையாகக் கன்று எட்டிப் பார்க்கும். பங்குனி, சித்திரையில் காலை வெயில் மட்டும் படும் நிழலில் காப்பாற்றி, ஆனியில் கன்றுகளைப் பிரித்து வையுங்கள். ஒன்று நாலாகும். குட்டையாக இருக்கக் கடைச் செடிகளுக்கு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுப்பது உண்டு. அதனால் அடுத்த வருஷம் உங்கள் வீட்டில் கொஞ்சம் உயரமாக வளர்ந்தால் பதற வேண்டாம்.

வீட்டில் பூனை, நாய் இருந்தால் செடி அவற்றுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். சாமந்தி இலையைத் தின்றால் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு இலை பட்டாலே கை அரிக்கும். அவர்கள் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

அப்போ அந்தத் தெருவிளக்கு மூலைக்கு?

மஞ்சள் இதழ், நடுவில் கறுத்த மொட்டுக்கண் என ஆன்லைன் விதைப் பாக்கெட்டில் சிரிக்கும் ருட்பெக்கியாவை நிறைய பேர் வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் சாமந்தியின் உறவுதான், ஒரே குடும்பம். வட அமெரிக்காவில் பிறந்தது. 1918 முதல் மேரிலேண்ட் மாகாணத்தின் பூ. ஆனால் குணம் நேர் எதிர், அது நீள்பகல் செடி. அதன் ஊரில் கோடைப் பகல் 14, 15 மணி நேரம் நீளும். சேலத்தில் ஜூன் மாதத்து நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. முளைத்த செடி தரையோடு இலை விரித்து, தண்டே எழாமல் உட்கார்ந்திருந்தால் விதையைத் திட்டாதீர்கள்.

ஆசைப்பட்டால், ஐப்பசி, கார்த்திகை வாக்கில் விதைத்து, தண்ணீர் வடியும் மண்ணில் வளர்த்து, சாமந்தி வேண்டாம் என்ற அந்த விளக்கடி மூலையையே அதற்குக் கொடுத்துப் பாருங்கள். நீண்ட பகல் என்று ஏமாற்ற, இரவு வெளிச்சம் உதவும். ‘இந்தச் சோதனையெல்லாம் எனக்கு வேண்டாம்’ என்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது செண்டுமல்லி. விதை போட்ட இரண்டு மாதத்தில் பூக்க ஆரம்பித்துவிடும், சேலம் வெயிலுக்கும் அசராது.

சந்தேகம் இருந்தால் சேலம் சந்தியூரிலும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஏற்காட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. நேரில் போகும்போது நோய் பிடித்த இலையையும், ஒரு பிடி மண்ணையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அம்மா பிடுங்கியது போக மிஞ்சிய இரண்டு தொட்டியையும் பின்பக்கத்துக்கு நகர்த்தினோம். மார்கழிக் கோலத்தில் சாணிப் பிள்ளையாருக்கு வைக்கும் அளவுக்குப் பூத்தது. ‘அவசரப்பட்டு ரெண்டைப் பிடுங்கிட்டேனே’ என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டிலும் பூக்காத சாமந்தி நிற்கிறதா? உரத்தைத் தேடுவதற்கு முன்னால், இன்று ராத்திரி ஒரு செய்தித்தாளோடு அதன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள்.