ஃபாக்ஸ் (அலாஸ்கா)

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில், ஸ்டீஸ், எலியட் நெடுஞ்சாலைகள் பிரியும் முனையில் உள்ள சிற்றூர். மக்கள்தொகை 400 அளவில். நகராட்சி கிடையாது. கோல்ட்ஸ்ட்ரீம் பள்ளத்தாக்கில், கோடையிலும் உருகாத உறைமண்ணின் மேல் அமைந்தது. ஊரின் வரலாறு பெரும்பாலும் அந்த மண்ணோடு மனிதர் பட்ட பாடுதான்.

இப்பகுதி அத்தபாஸ்கன் மக்களின் பூர்வீக நிலம். 1902 ஜூலையில் இத்தாலியரான ஃபெலிக்ஸ் பெட்ரோ அருகிலுள்ள ஓடையொன்றில் தங்கம் கண்டார். சில ஆண்டுகளில் ஃபாக்ஸ் ஓடைக்கரையில் சுரங்க முகாம் எழுந்தது. குறுகிய ரயில்பாதை வந்தது. 1908இல் அஞ்சலகம் திறந்தது. தங்கமோ உறைந்த சரளையின் அடியில் கிடந்தது. குளிர்காலத்தில் விறகுத் தீயும் நீராவியும் கொண்டு மண்ணை இளக்கிக் குழி தோண்டிச் சரளையை மேலே குவிப்பார்கள். வசந்தத்தில் ஓடை உருகியதும் அலசுவார்கள். விறகுக்காகச் சுற்றுக் குன்றுகள் மொட்டையாயின.

எளிதில் எட்டிய தங்கம் தீர்ந்தபின் 1920களில் பெருநிறுவனம் வந்தது. சட்டானிகா ஆற்றிலிருந்து சுமார் 145 கி.மீ. நீளமுள்ள டேவிட்சன் கால்வாய் வெட்டப்பட்டது. அந்த நீரைப் பீய்ச்சி மேல்மண்ணைக் கரைத்தார்கள். குழாய்களை நிலத்தில் இறக்கி, குளிர்ந்த நீரையே செலுத்தி அடிச்சரளையை இளக்கினார்கள். இளகிய சரளையை, குளத்தில் மிதந்தபடி வாளிச் சங்கிலியால் அள்ளித் தங்கம் பிரித்தது 8ஆம் எண் தூர்வாரிக் கப்பல் (1928–1959). அது கக்கிய கூழாங்கல் மேடுகள் பள்ளத்தாக்கில் இன்றும் வரிசையாகக் கிடக்கின்றன. அஞ்சலகம் 1947இலேயே மூடப்பட்டிருந்தது.

1960களில் ராணுவப் பொறியாளர்கள் உறைமண்ணை ஆராய்வதற்கென்றே இங்கு சுரங்கப்பாதை குடைந்தனர். அதன் சுவர்களில் ஆப்பு வடிவில் உறைந்த பனிக்கட்டிகளும் பனியுக விலங்குகளின் எலும்புகளும் துருத்தி நிற்கின்றன. உள்ளே நுழைந்ததும் மூக்கைத் தாக்குவது அழுகல் வாடை: பல்லாயிரம் ஆண்டுகள் மட்காமல் கிடந்த வேரும் புல்லும் இப்போது மட்கத் தொடங்குவதன் விளைவு. சுமார் 32,000 ஆண்டுப் பழமையான பனியிலிருந்து உயிருள்ள பாக்டீரியாவும் எடுக்கப்பட்டது. அறிவியல் உலகில் ஃபாக்ஸின் பெயர் நிலைத்தது தங்கத்தால் அல்ல, இந்தச் சுரங்கப்பாதையால்தான்.

1977இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய அலாஸ்கா குழாய்வழி ஊருக்கு அருகே தூண்கள்மேல் செல்கிறது. புதைத்தால் எண்ணெயின் சூட்டில் நிலம் இளகிவிடும். ப்ரூடோ விரிகுடா எண்ணெய் வயல்களுக்குச் செல்லும் லாரிகளுக்கு ஃபாக்ஸில் எடைச்சாவடி உண்டு.

எலியட் சாலையோர நீரூற்று இன்னொரு அடையாளம். உறைமண்ணில் கிணறு தோண்டுவது அரிது; தோண்டினாலும் இவ்வட்டாரத்தில் ஆர்சனிக் கலந்த நீர் வரலாம். கடுங்குளிரிலும் உறையாத இந்த ஊற்றில், குழாய் வசதியில்லாத வீட்டாரும் ஃபேர்பேங்க்ஸ்வாசிகளும் கேன்களில் இலவசமாக நீர் பிடித்துச் செல்கின்றனர்.